அம்புறோஸ் அடைத்த ஓட்டை

அம்புறோஸின் கார் எங்கே நின்றது என்று ஊர்காவற்றுறையில் யாரும் யாரையும் கேட்கத் தேவையில்லை. அது நின்ற இடத்தில் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும். கார் பழைய ஒஸ்ரின். பின் அச்சின் நடுவில் குடம் மாதிரிப் புடைத்துக்கொண்டு நிற்கிற டிபரன்சலில் இருந்து கியர் ஒயில் சொட்டும். தேவாலய வாசலில் ஒரு பொட்டு, சந்தையடியில் ஒரு பொட்டு, கள்ளுக்கொட்டிலுக்குத் திரும்புகிற ஒழுங்கையில் நாலைந்து பொட்டு.

அவருடைய மனைவி ஜசிந்தா அந்தப் பொட்டுகளை எழுத்துக் கூட்டி வாசிக்கிறமாதிரி வாசிப்பாள். "இண்டைக்கு அந்த ஒழுங்கையிலை கன நேரம் நிண்டிருக்கிறியள் போல" என்று சோற்றைப் போட்டுக்கொண்டே சொல்லுவாள். அம்புறோஸ் மீன்முள்ளைத் தேடுகிறவர்போலத் தலையைக் குனிந்துகொள்ளுவார்.

சண்டையால் கொழும்புப் பாதை பூட்டிக்கிடந்த வருசங்களில் அவர் அந்தக் கசிவுக்குச் செய்யாத வைத்தியம் இல்லை. ஒருமுறை சவுக்காரத்தை உருட்டி அப்பினார். அடுத்த மழைக்குக் கார் பின்னாலே நுரை தள்ளிக்கொண்டு ஓடியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கலைத்துக்கொண்டு வந்தார்கள். பிறகு விட்டுவிட்டார். சொட்டுகிறது சொட்டட்டும், ஓடுகிறது ஓடட்டும் என்று இருந்தார்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, சமாதானம் வந்து கொழும்புச் சாமான்கள் யாழ்ப்பாணத்துக் கடைகளில் குவிந்து கிடந்த நேரம், நாரந்தனையிலிருந்து இராசேஸ்வரி அக்கா காருக்குச் சொல்ல வந்தா. புருசன் இல்லாதவ. வயலையும் பனங்காணியையும் தனியே நின்று பார்த்து, ஒரே மகள் கிருசாந்தியைப் படிப்பித்து ரீச்சர் ஆக்கினவ. மகளுக்கு நயினாதீவில் மாப்பிள்ளை. தபால் கந்தோரில் வேலை. கலியாணம் நாகபூஷணி அம்மன் கோயிலில்.

"பொம்பிளைக் கார் நீர்தான் ஓடவேணும் தம்பி," என்றா இராசேஸ்வரி. "குறிகட்டுவான் துறை மட்டும் கொண்டுபோய் விட்டால் காணும். அங்காலை போட்டிலை போயிடுவம். ஆனால் ஒரு கதை."

"சொல்லுங்கோ அக்கா."

"முற்றத்துக்கு இப்பத்தான் சீமெந்து போட்டிருக்கிறன். கண்ணாடி மாதிரி இருக்குது. உம்மடை கார் அதிலை ஒரு சொட்டு விட்டாலும், நான் வேலணை வான்காரனைத்தான் பிடிப்பன்."

வேலணை வான்காரன் என்ற சொல் அம்புறோஸுக்கு நெஞ்சில் தைத்தது. அந்த வானுக்குள் பாட்டுப் போடுகிற பெட்டி இருந்தது, மின்விசிறி இருந்தது, சீற்றுக்குப் பூப்போட்ட உறை இருந்தது. ஒன்றுமட்டும் இல்லை: கலியாணப் பொம்பிளையை ஏற்றுகிற கம்பீரம். அது ஒஸ்ரினுக்குத்தான் உண்டு என்பது அம்புறோஸின் முடிவு.

"ஒரு சொட்டும் விழாது அக்கா," என்று சொல்லிவிட்டார். சொன்னபிறகுதான் எப்படி என்று யோசித்தார்.

உதவிக்கு அடுத்த காணி தயாபரன் வந்தார். தயாபரன் கமக்காரர், இரண்டு சில்லு உழவு மெசின் ஒன்று வைத்திருந்தார். அதனால் எஞ்சின் உள்ள எல்லாவற்றைப் பற்றியும் அவரிடம் ஒரு அபிப்பிராயம் இருந்தது. வேப்பமரத்துக்குக் கீழே காரை உயர்த்தி, பின்சில்லு இரண்டையும் கழற்றி, அச்சுத்தண்டுகளை வெளியே இழுத்து, சுற்றிவர நட்டுகளை அவிழ்த்து, ஒயிலை ஒரு தாச்சியில் வடித்துவிட்டு, இரண்டு பேருமாக டிபரன்சலை ஏந்தி எடுத்தார்கள். ஒரு கிடாய்க்குட்டிப் பாரம். தயாபரன் அதைக் கோணிச்சாக்கில் கிடத்தினார்.

இரண்டு இரும்பும் பொருந்துகிற விளிம்பில் இருந்துதான் கசிவு. அந்த விளிம்பில் ஒரு சரித்திரமே ஒட்டிக்கிடந்தது. அடியில் இடைவெளி அடைக்க வெள்ளைக்காரன் வைத்த கடதாசிப் பக்கிங், அதற்கு மேலே எவனோ வைத்த மாட்டுத்தோல், அதற்கு மேலே அம்புறோஸின் சவுக்காரம். எல்லாவற்றையும் ஜசிந்தாவின் மீன் வெட்டுகிற கத்தியால் சுரண்டினார்கள். கத்தியைத் தேடி வந்த ஜசிந்தா அதைக் கண்டுவிட்டு, போய் ஒரு பழைய கத்தியைக் கொண்டுவந்து கொடுத்து நல்லதை வாங்கிக்கொண்டு போனாள்.

விளிம்பு பளபளத்ததும் சண்டை தொடங்கியது.

"பக்கிங் எண்டால் கடதாசிதான்," என்றார் தயாபரன். "ரெண்டு பக்கமும் கிறீசைப் பூசி வைச்சுப்போட்டு இறுக்கும். நான் மெசினுக்கு அப்பிடித்தான் வைச்சனான்."

"உம்மடை மெசின் சேத்துக்குள்ளை நிக்கிறது. அது ஒழுகினால் ஆருக்குத் தெரியும்?" அம்புறோஸ் சட்டைப்பையிலிருந்து ஒரு ரியூப்பை எடுத்தார். யாழ்ப்பாணம் போய் வாங்கிவந்த சிலிக்கன் பசை. "இது கப்பலுக்கும் போடுறதாம். கடைக்காரன் சொன்னவன்."

"கடைக்காரன் கப்பல் வைச்சிருக்கிறானோ?"

கடைசியில் இரண்டையும் வைப்பதென்று ஒப்பந்தமானது. புதுச் சட்டை வந்த ஒரு பெட்டியின் மட்டையை விளிம்பில் விரித்துப் பிடித்து, தயாபரன் சின்னச் சுத்தியலால் ஓரத்தைச் சுற்றித் தட்டத் தட்ட, இரும்பின் விளிம்பே மட்டையை அளவாக வெட்டிக்கொண்டு வந்தது. அவருக்கு நல்ல கை. அம்புறோஸும் மனதுக்குள் ஒத்துக்கொண்டார்.

பசையை வைக்கும்போதுதான் சிக்கல். அம்புறோஸ் அமத்தினால் ஒரு இடத்தில் புழுவாக வந்தது, ஒரு இடத்தில் கட்டியாக விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் புழு. குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஜசிந்தாவால் பொறுக்க முடியவில்லை. ஊரில் கலியாணக் கேக்குகளுக்கு ஐசிங் போடுகிறவள் அவள்தான்.

"விடுங்கோ இஞ்சாலை," என்று ரியூப்பை வாங்கினாள். முழங்கையை விலாவோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, ஒரே மூச்சில், ஒவ்வொரு போல்ட்டு ஓட்டையையும் உள்பக்கமாகச் சுற்றி, தொடங்கின இடத்திலேயே கொண்டுவந்து முடித்தாள். கோடு நெளியவில்லை.

"பூவும் ஒண்டு போடட்டோ?" என்று கேட்டாள்.

தூக்கிப் பொருத்தினார்கள். ஒரு நட்டை இறுக்கினால் அடுத்து அதற்கு நேர் எதிர் நட்டு, பிறகு குறுக்கே என்று கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்கள். ஒரு நாள் காயவிட்டு, புது ஒயில் ஊற்றி, வேலை முடிந்தது. தயாபரன் தன்னுடைய மட்டையின் வெற்றியைப் பற்றிப் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

வேலை அத்தோடு முடிந்திருந்தால் நல்லது. ஆனால் ரியூப்பில் பாதிப் பசை மிஞ்சியிருந்தது. மூடியைத் திறந்தபிறகு கனநாள் இராது, கல்லாகிவிடும் என்று கடைக்காரன் சொல்லியிருந்தான். நல்ல பசை வீணாகப் போவதை அம்புறோஸால் தாங்க முடியவில்லை. தண்ணி வாளியின் வெடிப்புக்குப் பூசினார். மாதா சுருவத்தின் உடைந்த விரலை ஒட்டினார். பிறகும் மிஞ்சியது. ரியூப்பைப் பிடித்துக்கொண்டு காருக்குக் கீழே ஊர்ந்தார்.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. பின் அச்சின் மேல்பக்கம், சேறு மண்டிய இடத்தில், சின்னத் தொப்பி போட்ட ஒரு துவாரம். தொப்பியை நிமிண்டினார், கழன்றது. ஈர்க்குப் போகிற அளவு ஓட்டை. நேரே உள்ளே போகிறது.

அம்புறோஸ் கடற்தொழில் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனும் தமையன்மாரும் வள்ளத்தில் மயிரிழை வெடிப்பைக் கண்டாலும் அடைக்காமல் கடலில் இறக்காத ஆட்கள். ஓட்டையைக் கண்டால் அந்தக் கை சும்மா இராது. 'உதாலை மழைத்தண்ணி எல்லே உள்ளை போகும்' என்று நினைத்தார். 'இத்தனை வருசமும் ஆரும் காணேல்லைப் போல.' துவாரத்தைத் துடைத்து, உள்ளே போகக்கூடிய மட்டும் பசையை ஏற்றி, பெருவிரலால் அமத்தி வழித்துவிட்டார். ரியூப் சுத்தமாக முடிந்தது. மனம் நிறைந்தது.

காருக்குக் கீழே ஒரு பேப்பரை விரித்துவிட்டுப் படுத்தார். விடிய எழும்பிப் பார்த்தால் பேப்பர் வெள்ளையாக இருந்தது. அந்தப் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டுபோய் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்த சனத்துக்கு விரித்துக் காட்டினார். "என்ன செய்தி போட்டிருக்கிறான்?" என்று ஒருவர் கேட்டார். "செய்தி ஒண்டும் இல்லை. அதுதான் செய்தி," என்றார் அம்புறோஸ்.

ஜசிந்தாவுக்கு மட்டும் முகம் தெளியவில்லை. "என்ரை கையாலைதான் நான் இதைச் செய்தனான்," என்று பெருமூச்சு விட்டாள். "இனி உங்களை எங்கையெண்டு தேடுறது?"

கலியாணத்தன்று கார் மாலை போட்டுக்கொண்டு நாரந்தனைக்குப் போனது. கண்ணாடி மாதிரியிருந்த சீமெந்தில் நின்றது. இராசேஸ்வரி அக்கா குனிந்து காருக்குக் கீழே பார்த்தா. நிமிர்ந்தா. "பரவாயில்லையே," என்றா. அந்த ஒரு சொல்லுக்கு அம்புறோஸின் மீசை ஒரு விரற்கடை உயர்ந்தது.

முன்சீற்றில் தாய்மாமன் தியாகலிங்கம் ஏறினார். லண்டனில் இருந்து வந்தவர். பின்சீற்றில் கிருசாந்தி, பக்கத்தில் இராசேஸ்வரி. அவவின் மடியில் மாப்பிள்ளைக்குப் போடுகிற மோதிரமும் குங்குமமும் வைத்த தட்டம். மற்றச் சனம் பின்னால் பஸ்ஸில் வந்தது.

நல்ல வெயில். போட் புறப்படுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்ததால் அம்புறோஸ் மிதித்து ஓடினார். வேலணை தாண்ட, வான்காரனின் வீட்டு வாசலில் ஒருமுறை ஹோர்ன் அடித்தார். புங்குடுதீவுக்குப் போகிற கடற்பாலத்தில் ஏறினபோது ஒரு மணம் வந்தது.

"தம்பி, ஏதோ கருகுற மணம்," என்றார் தியாகலிங்கம்.

"புதுச் சாமான் போட்டது அண்ணை. புதுசு எண்டால் மணக்கும்."

"லண்டனிலை புதுக் கார் வேறை மாதிரி மணக்கும்."

நேவிக்காரரின் சென்றிக் காவலடியில் நிறுத்துவதற்குப் பிறேக்கை மிதித்தார். கார் நின்றது, ஆனால் தடையைத் தாண்டி ஒரு காரளவு தூரம் போய்த்தான் நின்றது. காவலுக்கு நின்ற பையன் முறைத்துவிட்டு, பொம்பிளையைக் கண்டு சிரித்துக்கொண்டு விட்டுவிட்டான். முன்சில்லுப் பிறேக் மட்டும்தான் பிடிக்கிறது என்பது அம்புறோஸுக்கு விளங்கியது. ஏன் என்பது விளங்கவில்லை. நல்ல காரியத்துக்குப் போகிற நேரம் அதை யாரிடமும் சொல்லவும் விரும்பவில்லை. மெதுவாக ஓட்டினார்.

குறிகட்டுவானில் தெரு கடலை நோக்கிச் சரிந்து இறங்குகிறது. பெரிய சரிவில்லை, ஒரு பந்து உருளுகிற அளவு. அம்புறோஸ் துறைக்குக் கிட்டக் கொண்டுபோய் நிறுத்தி, ஹாண்ட்பிறேக்கை மேலே இழுத்துவிட்டு இறங்கினார். தியாகலிங்கம் இறங்கினார். கிருசாந்தி சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கினா. இராசேஸ்வரி இறங்கவில்லை. போட்டில் வசதியான இடம் பார்த்துவிட்டு வந்து சொன்னால்தான் தட்டத்தோடு வெயிலில் இறங்குவன் என்றா.

அம்புறோஸ் பின்னாலே போய் டிக்கியைத் திறந்து பலகாரப் பெட்டியில் கை வைத்தார். பெட்டி அவரை விட்டு விலகியது. இரண்டாந்தரம் எட்டினார். இன்னும் விலகியது. அப்போதுதான் பார்த்தார்: கார் போய்க்கொண்டிருக்கிறது.

பெட்டியை விட்டுவிட்டு பின் பம்பரைப் பிடித்தார். ஹாண்ட்பிறேக் பின்சில்லை மட்டும்தான் பிடிக்கும். அந்தப் பின்சில்லு வழுக்குமரம்போல வழுக்கிக்கொண்டிருந்தது. குதிக்காலை ஊன்றினார். செருப்பு தேய்ந்துகொண்டு வந்தது. பிடித்திருந்தால் கார் மாடு நடக்கிற வேகத்தில் போனது. விட்டுவிட்டு முன்னாலே ஓடிப்போய்க் கதவைத் திறக்கலாமென்று ஒரு கையை எடுத்தால், மாடு ஓடத் தொடங்கியது. ஆகவே விடவும் ஏலாது, நிப்பாட்டவும் ஏலாது.

"அண்ணை, முன்னாலை போய்ப் பிடியுங்கோ," என்று தியாகலிங்கத்தைக் கூப்பிட்டார். தியாகலிங்கம் ஓடிவந்து, பதற்றத்தில் அம்புறோஸுக்குப் பக்கத்தில் நின்று காரைத் தள்ளத் தொடங்கினார்.

"தள்ளாதையுங்கோ அண்ணை. இழுங்கோ."

"எந்தப் பக்கம்?"

பின்சீற்று யன்னலால் இராசேஸ்வரியின் தலை வெளியே வந்தது. தட்டத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தா. "தம்பி அம்புறோஸ், போட்டிலை எண்டெல்லே பேச்சு. காரோடையோ போறம்?"

துறையில் நின்ற சனம் பார்த்தது. துறைச் சென்றியில் காவலுக்கு நின்ற இன்னொரு நேவிக்காரப் பையன், "கார் போகுது, கார் போகுது," என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிக்கொண்டு ஓடிவந்தான். அவன் வருமுன் கிருசாந்தி வந்துவிட்டா. சேலையை முழங்கால் மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காரோடு கூட நாலு அடி ஓடி, முன்கதவை இழுத்துத் திறந்து, தலையில் கட்டின பூவோடும் நெற்றிச்சுட்டியோடும் உள்ளே பாய்ந்தா.

"எது அண்ணை பிறேக்?" உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"நடுவிலை இருக்கிறதை மிதியுங்கோ பிள்ளை."

"மிதிச்சிட்டன்."

கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. முன்சில்லு இரண்டும் கடலுக்குள் நின்றன. அலை வந்து மாலையின் நுனியை நனைத்துவிட்டுப் போனது. நேவிக்காரப் பையன் ஒரு பெரிய கல்லைத் தூக்கிவந்து சில்லுக்கு அண்டை கொடுத்தான். பிறகு பஸ்ஸில் வந்த சனமெல்லாம் சேர்ந்து காரைப் பின்னுக்கு இழுத்து மேட்டில் ஏற்றினார்கள். இராசேஸ்வரி அதுவரைக்கும் இறங்கவில்லை. தட்டத்தில் ஒன்றும் சிந்தவில்லை என்று பார்த்தபிறகுதான் இறங்கினா.

மாப்பிள்ளை வீட்டில் இருந்து பொம்பிளையைக் கூட்டிப்போக வந்த கிழவர் ஒருவர் எல்லாவற்றையும் போட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன சொல்லப்போகிறாரோ என்று எல்லாருக்கும் பயம். அவர் கிருசாந்திக்குக் கைகொடுத்து ஏற்றிவிட்டு, "எங்கடை பொடியனுக்கு சைக்கிளும் நேரா ஓடத் தெரியாது. நல்லதாப் போச்சு," என்றார்.

போட் போனபிறகு அம்புறோஸ் தனியே நின்றார். சனம் பின்னேரம் திரும்பி வரும். அதற்குள் ஏதாவது செய்யவேண்டும். பின்சில்லைக் கழற்றினார். உள்ளே பிறேக் கட்டையெல்லாம் கியர் ஒயிலில் குளித்திருந்தது. மற்றச் சில்லும் அப்படித்தான். பசை வைத்த விளிம்பைப் பார்த்தார். அங்கே ஒரு பொட்டு ஈரமில்லை. ஜசிந்தாவின் கோடு போட்டபடியே இருந்தது. அப்படியென்றால் ஒயில் எப்படி வந்தது?

கீழே ஊர்ந்துபோய், ஒயில் ஊற்றுகிற துவாரத்தின் நட்டை மெல்ல அவிழ்த்தார். பாதி அவிழுமுன், சோடாப் போத்தல் திறந்ததுபோலப் புஸ்ஸென்று ஒரு சத்தம். சூடான காற்றோடு ஒரு கைப்பிடி ஒயில் அவருடைய முகத்தில் அடித்தது. மீசை, கண், வாய் எல்லாம் ஒயில்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்படியே மல்லாந்து கிடந்தார். ஓடினால் டிபரன்சல் சுடும். சுட்டால் உள்ளே இருக்கிற காற்று ஊதும். ஊதின காற்றுக்கு ஒரு வழி வேண்டும். அந்த வழியைத்தான் அவர் தன் பெருவிரலால் அமத்தி அடைத்திருந்தார். வழியில்லாத காற்று, ஒயிலையும் தள்ளிக்கொண்டு அச்சின் இரண்டு முனையாலும் பாய்ந்திருக்கிறது. யாரோ மறந்துவிட்ட ஓட்டை இல்லை அது. மூச்சுவிட வைத்த ஓட்டை.

"அண்ணா, செத்துப் போச்சா?" நேவிக்காரப் பையன் குனிந்து பார்த்தான்.

"இல்லையடா தம்பி. மூச்சு வந்திட்டுது."

பையனுக்கு விளங்கவில்லை. ஆனாலும் ஒரு பழந்துணியும், கொஞ்ச மண்ணெண்ணெயும் கொண்டுவந்து கொடுத்தான். அம்புறோஸ் ஒரு கம்பியால் பசையைக் கிண்டி எடுத்தார். கப்பலுக்குப் போடுகிற பசைதான், இலேசில் வரவில்லை. பிறேக் கட்டைகளைக் கழுவி, உரசி, வெயிலில் காயவைத்து மறுபடி பூட்டினார். மத்தியானம் நயினாதீவிலிருந்து போட்டில் ஒரு சாப்பாட்டுப் பாசல் வந்தது. "கார்க்காரருக்கு" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவரும் அந்தப் பையனும் கல்லில் இருந்து அதைப் பங்குபோட்டுச் சாப்பிட்டார்கள். வடை இரண்டு இருந்தது, ஆளுக்கு ஒன்று.

பின்னேரம் இராசேஸ்வரி திரும்பி வந்தா. மகள் அங்கே நின்றுவிட்டா. தியாகலிங்கம் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். இந்தக் காரில் இனி ஏறமாட்டேன் என்று சொல்லாமல், பஸ்ஸில் ஆட்களோடு கதைத்துக்கொண்டு வரலாமென்று சொன்னார். இராசேஸ்வரி மட்டும் வந்து முன்கதவைத் திறந்து முன்சீற்றில் இருந்தா. அம்புறோஸுக்கு அதிசயமாக இருந்தது.

"அக்கா, பிழை என்ரை பக்கம்தான். தயாபரனும் நானும் செய்ததிலை, ஜசிந்தா ஐசிங் மாதிரி இழுத்த கோடு மட்டும்தான் பிழைக்கேல்லை," என்று தொடங்கினார்.

"ஓடும் தம்பி. இருட்டுப்படப் போகுது."

கார் கடற்பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் கடல் சிவந்து கிடந்தது. பாதி தூரத்தில் இராசேஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்தா. அம்புறோஸ் காரை நிறுத்தட்டோ என்று கேட்டார். வேண்டாம் என்று கையைக் காட்டினா.

கொஞ்சநேரத்தால், "அவள் எப்பிடித் தம்பி அப்பிடிப் பாய்ஞ்சவள்?" என்று கேட்டா. "காரே ஓடத் தெரியாது. பிறேக் எதெண்டும் தெரியாது. பாய்ஞ்சிட்டாள்."

அம்புறோஸ் யோசித்தார். சொல்லலாமா விடலாமா என்று தெரியவில்லை. "ரீச்சர் மோட்டார் சைக்கிள் நல்லா ஓடுவா அக்கா. பள்ளிக்கூடம் விட்டபிறகு, கூடப் படிப்பிக்கிற பிள்ளையின்ரையை வாங்கி மைதானத்திலை ஓடுறதை நான் கண்டனான். கடற்கரை ரோட்டிலையும் ஒருக்கால் என்ரை காரை வெட்டிக்கொண்டு போனவ."

இராசேஸ்வரி கடல் பக்கம் திரும்பினா. "ரெண்டு வருசமா என்னட்டைக் கேட்டவள், ஒண்டு வாங்கித் தாங்கோ எண்டு. பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் எண்டு நான்தான் மறிச்சனான்."

அம்புறோஸ் எதிரே வந்த ஒரு சைக்கிளுக்கு ஒதுக்கிக் கொடுத்தார்.

"நயினாதீவிலை மோட்டார் சைக்கிள் ஓடுறதுக்கு ரோட்டு இருக்கோ தம்பி?"

"இருக்குது அக்கா. சின்ன ரோட்டு."

"போட்டிலை ஏத்த விடுவாங்களோ?"

"விடுவாங்கள். இண்டைக்கும் ஒண்டு ஏத்தினவங்கள்."

"அப்ப அடுத்த கிழமை என்னை யாழ்ப்பாணம் கூட்டிக்கொண்டு போம்," என்றா இராசேஸ்வரி. "எதை வாங்கிறது எண்டு எனக்குத் தெரியாது. நீரும் வாரும். ஆனால் கடையிலை நீர் ஒண்டும் சொல்லாதையும். தயாபரனையும் கேக்காதையும். உந்த ஐசிங் போடுற ஜசிந்தாவைக் கூட்டிக்கொண்டு வாரும்."